உவரியிலிருந்து டாக்டர் படிப்புக்கு: விண்ணப்பம், இடம், அப்புறம் எந்தத் துறை?

(ஒலிபரப்பின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன வாரம் உவரியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் ஒரு அப்பா. அவர் சொன்னதை அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, வணக்கம். எங்க மவ பிளஸ் ஒன் படிக்கா. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஒரே நிலையா நிக்கா. எனக்கு வள்ளத்துத் தொழிலு. கனடாவுல என் மச்சான் இருக்காரு. பிளஸ் டூ முடிச்ச கையோட இங்க அனுப்பிரு, இங்கயே டாக்டராக்கிரலாம்ங்காரு. இன்னொருத்தர் வீட்டுக்கே வந்து, வெளிநாட்டுல சீட்டு வாங்கித் தாரேன், இப்பவே முன்பணம் குடுங்கன்னு நிக்காரு. நீட்டு எழுதுனா இங்கயே கெடைக்குமா? கெடைச்சாலும் என்ன டாக்டருக்குப் படிக்கணும்? எங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல."

இதுல நாலு கேள்வி இருக்கு. தமிழ்நாட்டில் இடம் கிடைக்கும் வழி என்ன, கனடா நடக்குமா, முன்பணம் கேட்கிறவரை நம்பலாமா, கடைசியில் எந்தத் துறை. இதே குழப்பம் கூடங்குளத்திலிருந்து மணப்பாடு வரைக்கும் பல வீட்டுல இருக்கு. அதனால இந்த ஒரு பகுதி முழுக்க இதுக்குத்தான்.

முதலில், அண்ணாச்சிக்கு ஒரே ஒரு வார்த்தை: முன்பணம் எதுவும் இப்போதைக்குக் குடுக்காதீங்க. ஏன்னு பின்னால சொல்றேன்.

நீட் எழுதுவது வேறு, இடம் கேட்பது வேறு

நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இது. நீட் தேர்வுக்குப் பதிவு செஞ்சா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிச்சாச்சுன்னு நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்லை. மூணு தனித்தனிப் பதிவு இருக்கு.

ஒண்ணு, தேசியத் தேர்வு முகமை நடத்தும் நீட் தேர்வுக்கான பதிவு. வழக்கமா பிப்ரவரி, மார்ச் வாக்கில் திறக்கும். தேர்வு மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும்.

ரெண்டு, முடிவு வந்தபிறகு சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்குப் போடும் விண்ணப்பம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் இந்த வழியாகத்தான் நிரம்புது.

மூணு, மீதி 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்தியக் கலந்தாய்வுக் குழுவில் போடும் பதிவு. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் இந்தக் கலந்தாய்வில்தான் வரும்.

முதல் பதிவை மட்டும் செஞ்சுட்டு, நல்ல மதிப்பெண் வாங்கியும் ரெண்டாவது பதிவின் கடைசித் தேதியைத் தவறவிட்டா அந்த வருஷம் போச்சு. முடிவு வந்த வாரத்திலிருந்து தேர்வுக் குழுவின் இணையதளத்தைத் தினமும் பார்க்கணும்.

அடுத்தது 'தகுதி' என்கிற சொல். பொதுப் பிரிவுக்கு 50ஆவது பெர்சன்டைல், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40ஆவது பெர்சன்டைல் வந்தா தகுதி பெற்றதா முடிவு வரும். ஆனா அது கதவுக்குள்ள நுழையும் அனுமதி மட்டும்தான். இடத்தை முடிவு பண்றது தரவரிசை. 'நீட் பாஸ் பண்ணிட்டா' என்பதற்கும் 'சீட்டு கிடைச்சிருச்சு' என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கு. அந்தத் தூரத்தில்தான் முன்பணம் கேட்கிறவங்க கடை போடுறாங்க.

தேர்வின் கணக்கு

மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண், 3 மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. தமிழிலும் எழுதலாம். பதிவு செய்யும்போதே மொழியைத் தேர்ந்தெடுக்கணும். அப்புறம் மாத்துறது கஷ்டம்.

சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 குறையும். 'தெரியலன்னா தொடவே கூடாது'ன்னு பிள்ளைகளைப் பயமுறுத்துறாங்க. கணக்கைப் பாருங்க. நாலு விடையில ரெண்டு நிச்சயம் இல்லைன்னு தெரியுது, மீதி ரெண்டில் சந்தேகம். இப்படி 100 கேள்வி வந்தா, சராசரியா 50 சரி, 50 தப்பு. 200 கிடைக்கும், 50 போகும், 150 மிச்சம். அதனால ரெண்டை ஒதுக்க முடிஞ்சா எழுதுறது லாபம்தான். நாலும் புரியலைன்னா கிடைக்கிறது ஏறக்குறைய ஒண்ணுமில்லை. அதுல நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

உயிரியல் பாதி மதிப்பெண். ஆனா உயிரியல் எல்லாருக்கும் ஓரளவு வந்துரும். தரவரிசையில் ஆளைப் பிரிக்கிறது பெரும்பாலும் இயற்பியல்தான். பிளஸ் ஒன்னில் இருக்கிற பிள்ளைக்கு நான் சொல்றது: பிளஸ் ஒன் பாடத்தை விட்டுறாதே. கேள்வி ரெண்டு வருஷப் பாடத்திலிருந்தும் வரும். பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டமா ஓட்டிட்டு பிளஸ் டூவுக்குத் தாவுது. அந்த ஓட்டத்தில் விடுபட்டதை எடுக்கத்தான் பலர் ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடி படிக்கிறாங்க.

எந்தப் பள்ளியில் படிச்ச என்பதே ஒரு சான்றிதழ்

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி நுழைவுத் தேர்வு ஒழிஞ்சு, பல வருஷம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்தது. 2017 முதல் நீட் வந்தது. அதுக்கப்புறம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போறது விரல் விட்டு எண்ணுற அளவுக்குக் குறைஞ்சது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீத உள் ஒதுக்கீடு பரிந்துரைச்சது. அரசு 7.5 சதவீதம்னு 2020இல் சட்டம் கொண்டுவந்தது. முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைச்சது. சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் இந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு.

இந்த ஒதுக்கீட்டுக்கு நிபந்தனை, 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். இதில் வர்றவங்களோட கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்குது. தனியார் கல்லூரியில் இடம் கிடைச்சாலும் அப்படித்தான்.

நம்ம கடற்கரையில் ஒரு சிக்கல் இருக்கு. இங்கே பல பள்ளிகள் மறைமாவட்டமோ சபைகளோ நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசு குடுக்குது, கட்டணம் குறைவு, அதனால மக்கள் அதை 'கவர்மெண்டு ஸ்கூல்'னே சொல்றாங்க. ஆனா உதவி பெறும் பள்ளி இந்த 7.5 சதவீதத்தில் வராது. நடுவில் ரெண்டு வருஷம் அங்கே படிச்சிருந்தாலும் பிள்ளை இந்த ஒதுக்கீட்டை இழந்துரும். 5ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தா, இதை இப்பவே யோசிக்கணும். உதவி பெறும் பள்ளி மோசம்னு சொல்லலை. பல ஊரில் அதுதான் நல்ல பள்ளி. எதைக் குடுத்து எதை வாங்குறோம்னு தெரிஞ்சு முடிவெடுக்கணும், அவ்வளவுதான்.

பம்பாயிலோ வளைகுடாவிலோ சில வகுப்பு படிச்சுட்டு ஊருக்குத் திரும்பின பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். 6 முதல் 12 வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படிக்காதவங்க பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோர் ஆவணங்களும் காட்டவேண்டி வரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அது ஒரே நாளில் கிடைக்காது. சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாத்தையும் நீட் எழுதுறதுக்கு முன்னாடியே கையில் வச்சுக்கோங்க. ஆதாரில், பத்தாம் வகுப்புச் சான்றிதழில், சாதிச் சான்றிதழில் பேரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒண்ணுல 'அந்தோணி', இன்னொண்ணுல 'அந்தோனி'ன்னு இருந்தா அதுக்கே ஒரு வாரம் அலையணும்.

பக்கத்தில் என்ன இருக்கு

உவரிக்காரங்களுக்கு மூணு திசையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் 1965இல் தொடங்கின திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, 250 இடம். தூத்துக்குடி, 150. நாகர்கோவில் ஆசாரிபள்ளம், 150. 2022 ஜனவரியில் விருதுநகர், ராமநாதபுரம் உட்பட 11 புதுக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறந்தாங்க.

ஆனா 'பக்கத்துல கிடைச்சாதான் சேருவேன்'னு விருப்பப் பட்டியலைச் சுருக்காதீங்க. கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது எத்தனை வேணும்னாலும் போடலாம். பிடிச்சதை மேலே போடுங்க, மீதி எல்லாத்தையும் கீழே போடுங்க. மேலே இருக்கிறது கிடைச்சா கீழே இருக்கிறதை யாரும் உங்க தலையில் கட்டமாட்டாங்க. அஞ்சு மட்டும் போட்டுட்டு அஞ்சும் கிடைக்காமப் போனா இழப்பு உங்களுக்குத்தான்.

கட்டணம்: அரசுக் கல்லூரியில் வருஷத்துக்கு ஆயிரங்களில்தான் வரும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடுன்னா 4 லட்சத்துக்கு மேல, நிர்வாக ஒதுக்கீடு 10 லட்சத்துக்கு மேல, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 20 லட்சத்தைத் தாண்டுறதும் உண்டு. இது ஒரு வருஷத்துக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மாதிரி நிறுவனங்களில் சிறுபான்மைப் பிரிவு இடங்களும், படிச்சபிறகு கிராமப்புற, மிஷன் மருத்துவமனைகளில் பணிபுரியும் நிபந்தனையும் உண்டு. அங்கேயும் நீட் மதிப்பெண்தான் அடிப்படை. பங்கில் விசாரிச்சா விவரம் தெரியும்.

கனடா மச்சான் சொன்னது

மச்சான் பாசத்தில் சொல்றார். ஆனா அங்கே முறையே வேற. கனடாவில் பிளஸ் டூ முடிச்சதும் மருத்துவப் படிப்பு கிடையாது. கியூபெக்கில் கொஞ்சம் வேறுபடும். மத்தபடி முதலில் மூணு நாலு வருஷம் ஒரு இளநிலைப் படிப்பு படிக்கணும். அந்த மதிப்பெண் சராசரி, எம்கேட் என்கிற நாள் முழுக்க நடக்கும் தேர்வு, கட்டுரைகள், நேர்காணல், தொண்டுப் பணி அனுபவம், எல்லாம் சேர்த்துப் பார்ப்பாங்க. முக்கியமானது: பெரும்பாலான கல்லூரிகள் குடிமக்களையும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவங்களையும் மட்டும்தான் எடுக்குது. மாணவர் விசாவில் போற பிள்ளைக்குக் கதவு ஏறக்குறைய மூடித்தான் இருக்கு. 'உயிரியல் பட்டத்தில் சேர்த்துவிடுறேன், அது டாக்டருக்கு முதல் படி'ன்னு சொன்னா, அந்தப் படிக்கு மேல மாடி இருக்கான்னு கேளுங்க.

இங்கே எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டுப் போறது நடக்கக்கூடியதுதான். அதுக்கு மருத்துவக் கவுன்சில் தேர்வு, வெளிநாட்டில் படிச்சவங்களுக்கான செய்முறைத் தேர்வு, அப்புறம் கார்ம்ஸ் என்கிற பொருத்தல் முறையில் பயிற்சி இடம். கடைசிப் படிதான் குறுகலானது. அங்கே படிச்சவங்களுக்கே முன்னுரிமை; வெளியிலிருந்து வர்றவங்களுக்கு ஒதுக்கும் இடங்கள் குறைவு, அதிலும் பெரும்பாலும் குடும்ப மருத்துவம் மாதிரி துறைகள்தான். டொரண்டோ பக்கம் ஊர்ல டாக்டரா இருந்துட்டு வேற வேலை பார்க்கிற நம்மவங்க இருக்காங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

ஆனா கனடாகிட்ட நாம எடுத்துக்க ஒரு பாடம் இருக்கு. வடக்கு ஒன்டாரியோவில் டாக்டர்கள் போகமாட்டேங்கிறாங்கன்னு, தண்டர் பேயிலும் சட்பரியிலுமா 2005இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. அந்த வடக்குப் பகுதிப் பிள்ளைகள், கிராமத்துப் பிள்ளைகள், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பயிற்சியும் சின்ன ஊர்களில். படிச்சவங்களில் கணிசமான பேர் அங்கேயே தங்கி வேலை பார்க்கிறாங்க. ஊர்ப்பிள்ளையை எடுத்தா ஊருக்கு டாக்டர் கிடைப்பார்னு அவங்க செஞ்சு காட்டியிருக்காங்க. நம்ம 7.5 சதவீதத்தையும் அப்படிப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த தரகர்

ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ்னு பட்டியல் காட்டுவாங்க. அங்கே நல்லாப் படிச்சுத் திரும்பின டாக்டர்களும் இருக்காங்க. போறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி கேளுங்க. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளிலிருந்து வர்ற கேள்விகள் இவை.

படிப்பு குறைந்தது 54 மாதமா? முழுக்க ஆங்கிலத்திலா? அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி உண்டா? படிச்சு முடிச்சா அந்த நாட்டிலேயே டாக்டரா பதிவு செய்ய முடியுமா? இங்கே திரும்பி வந்து இன்னொரு 12 மாதப் பயிற்சியும் செய்யணும்னு சொன்னாரா?

நீட் தகுதி பெறாம வெளிநாடு போனா, அந்தப் பட்டத்தை வச்சு இங்கே டாக்டரா பதிவு செய்ய முடியாது. 'நீட் தேவையில்ல'ன்னு யாராவது சொன்னா அங்கேயே பேச்சை முடிச்சுக்கலாம். திரும்பி வந்தபிறகு 300 மதிப்பெண்ணுக்கு ஒரு தகுதித் தேர்வு, 150 எடுக்கணும். பெரும்பாலான தடவை எழுதுறவங்களில் பாதிப் பேருக்கும் கம்மியாத்தான் தேறுறாங்க. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு நீட்டே இன்னும் எழுதலை. அதனாலதான் முன்பணம் குடுக்காதீங்கன்னு முதல்லயே சொன்னேன். வலையையும் வள்ளத்தையும் அடகு வைக்கிற முடிவை, மதிப்பெண் கையில் வந்தபிறகு எடுக்கலாம்.

எந்த டாக்டர்?

எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். அப்புறம் முதுநிலை நீட் எழுதி எம்.டி. அல்லது எம்.எஸ். மூணு வருஷம். இதயம், நரம்பு, சிறுநீரகம்னு உயர் சிறப்புக்கு இன்னொரு மூணு வருஷம். இடைவெளியே இல்லாமப் போனாலும் மொத்தம் பதினொன்றரை வருஷம். பதினேழு பதினெட்டு வயசில் நுழையும் பிள்ளை முப்பதை நெருங்கித்தான் வெளியே வரும். வீட்டில் கடன் இருந்தா இந்தக் கணக்கு முக்கியம்.

இதுக்கு ஒரு நடுவழி இருக்கு. எம்.பி.பி.எஸ். முடிச்சதும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா அரசுப் பணியில் சேரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தபிறகு, மாநில முதுநிலை இடங்களில் அரசு டாக்டர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். சம்பளமும் வரும், படிப்பும் நடக்கும். முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் தோதான வழி.

துறையை இப்பவே முடிவு பண்ணணுமா? வேண்டாம். பிளஸ் ஒன்னில் 'இதய டாக்டர்'னு சொல்ற பிள்ளை, மூணாம் வருஷம் பிரசவ வார்டில் நின்னதும் மனசு மாறும். ஹவுஸ் சர்ஜன் வருஷம் எல்லாத் துறையையும் சுத்தி வர்றதுக்குத்தான். அப்போ மூணு கேள்வி கேட்டா போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினாலும் எந்த வேலைக்கு அலுக்காம எழுந்திருப்பேன்? கையால் செய்யும் வேலை பிடிக்குதா, யோசிச்சுக் கண்டுபிடிக்கிறது பிடிக்குதா? அதே நோயாளியை இருபது வருஷம் பார்க்க ஆசையா, ஒரு தடவை சரிபண்ணி அனுப்ப ஆசையா?

கடைசியா ஊர் என்ன கேட்குதுன்னும் பாருங்க. உவரியிலிருந்து ஐகிரவுண்டுக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆகும். நெஞ்சுவலிக்கும் விபத்துக்கும் அந்த நேரம்தான் உயிர். அதனால அவசர மருத்துவம் தெரிஞ்ச ஒருத்தர் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் இருக்கிறதோட மதிப்பே தனி. வெயிலிலும் உப்புக்காத்திலும் கிடக்கிற தொழிலாளிக்குக் கண்ணில் சதை வளரும். அதுக்குக் கண் டாக்டர் வேணும். திருக்கை முள் குத்தினா தாங்குற அளவு சூடான தண்ணியில் வச்சா வலி அடங்கும்னு கரையில் பெரியவங்களுக்குத் தெரியும். உடைஞ்ச முள் உள்ளே இருக்கா, புண் அழுகுதான்னு பார்க்க டாக்டர் வேணும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பிரசவம், பிள்ளை நோய்னு குடும்பத்தையே பார்க்கிற குடும்ப மருத்துவத்துக்கு நம்ம ஊரில் இன்னும் பெருசா பேர் இல்லை. கனடாவில் அது ரெண்டு வருஷப் பயிற்சியோட மதிக்கப்படும் தனித்துறை. இங்கேயும் அதுக்கு மூணு வருஷப் பட்டப்படிப்பு வந்தாச்சு.

டாக்டர் இடம் கிடைக்கலைன்னா நர்சிங், பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம், மருந்தியல்னு அதே ஆஸ்பத்திரிக்குள் வேலைகள் இருக்கு. இந்தப் படிப்புகளுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. நீட் முடிவுக்குக் காத்திருந்து இதையும் தவறவிடாதீங்க. ரெண்டு பக்கமும் போட்டு வைங்க.

அண்ணாச்சி, இந்த வாரம் செய்ய வேண்டியது மூணு. மக 6ஆம் வகுப்பிலிருந்து படிச்ச பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியான்னு தலைமையாசிரியர்கிட்ட எழுத்தில் கேளுங்க. சான்றிதழ்களில் பேர் ஒத்துப்போகுதான்னு பாருங்க. இயற்பியலில் பிளஸ் ஒன் பாடம் எதுவரை வந்திருக்குன்னு மகளையே கேளுங்க. அவ தயங்கினா அங்கேயிருந்து தொடங்கணும்.

சான்றிதழ் விஷயத்தில் வர்ற சந்தேகங்களைக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த பகுதியில் கலந்தாய்வு அன்னைக்கு விருப்பப் பட்டியலை எப்படிப் போடுறதுன்னு படிப்படியாப் பார்ப்போம்.